கோழி விட்டுப்போன முட்டையும் குஞ்சாகும்

நம் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் நாலு கோழியாவது மேயாத வீடு குறைவு. பிள்ளைக்கு அவித்த முட்டை, விருந்தாளி வந்தால் ஒரு குழம்பு, கை கடிக்கும் நேரத்தில் விற்றுக் காசு என்று எல்லாத்துக்கும் அந்த நாலு கோழிதான் கை கொடுக்கிறது. 2023 ஆம் ஆண்டில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தார்கள். அந்த நாட்களில் வீட்டில் கோழி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கோழி வளர்ப்பில் ஒரு நட்டத்தை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. பன்னிரண்டு முட்டை வைத்து ஒரு கோழியை அடைக்கு உட்கார வைக்கிறோம். பத்தாம் நாள் கீரி வந்து கோழியைப் பிடித்துவிடுகிறது. அல்லது மழைத் தண்ணீர் கூட்டுக்குள் வந்து, கோழி எழுந்து போய்விடுகிறது. அப்போது வீட்டில் என்ன சொல்கிறோம்? "கோழியும் போச்சு, முட்டையும் ஆறிப் போச்சு. இனி எதுக்கு? தூக்கிக் கான்ல போடு" என்கிறோம்.

கொஞ்சம் பொறுங்கள் என்று நாங்கள் சொல்கிறோம். ஆறிய முட்டை எல்லாம் செத்த முட்டை இல்லை. அவற்றில் சிலவற்றை இன்னொரு கோழியைக் கொண்டோ, இன்கியூபேட்டர் என்னும் அடைப்பெட்டியைக் கொண்டோ காப்பாற்றலாம். எந்த முட்டையைக் காப்பாற்றலாம், எப்படிக் காப்பாற்றலாம், எப்போது கைவிட வேண்டும் என்பதை இந்த இதழில் பார்ப்போம். அடைப்பெட்டியால் நம் லயத்துக்கு வரக்கூடிய ஆபத்து ஒன்றும் உண்டு. அதையும் சொல்லப் போகிறோம்.

கோழி உண்மையிலேயே விட்டுவிட்டதா?

அடைக்கோழி நாள் முழுக்க முட்டை மேலேயே இருப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ எழுந்து போய் இரை எடுத்து, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டுவிட்டுத் திரும்பி வரும். இதற்கு 15 நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலம் வரை ஆகும். அந்த நேரத்தில் முட்டை சற்று ஆறுவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு முட்டையை எடுத்துவிடக் கூடாது. தள்ளி நின்று ஒரு மணித்தியாலமாவது பாருங்கள். பிள்ளைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

திரும்பி வராத கோழிக்கு ஒரு காரணம் இருக்கும். கூட்டில் பேன் அல்லது செள் நிறைந்திருக்கும். வேறு பெட்டைகள் அதே கூட்டில் முட்டை இட வந்து சண்டை போட்டிருக்கும். பாம்பு வந்திருக்கும். முதல் தடவை அடைக்கு உட்காரும் இளம் பெட்டையாகவும் இருக்கலாம். காரணம் பேன் என்றால் முட்டையைக் காப்பாற்றுவதோடு வேலை முடியாது. பழைய புல்லை எரித்துவிட்டுக் கூட்டைக் கழுவிக் காயவைத்து, புது மானாப்புல் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோழியும் எழுந்து போய்விடும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. அதைத்தான் நாம் அதிகம் கவனிக்காமல் விடுகிறோம். பன்னிரண்டில் எட்டு முட்டை பொரித்ததும், தாய்க்கோழி அந்த எட்டுக் குஞ்சையும் கூட்டிக்கொண்டு இரை தேடப் போய்விடும். கொஞ்சம் பிந்திய முட்டைகள் கூட்டிலேயே கிடக்கும். "மிச்சம் எல்லாம் கூமுட்டை" என்று எறிந்துவிடுகிறோம். எறிவதற்கு முன் ஒரு முட்டையைக் காதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். உள்ளே இருந்து மெல்லிய கீச்சுச் சத்தமோ தட்டும் சத்தமோ வந்தால் அந்தக் குஞ்சுக்கு இன்னும் ஒன்று இரண்டு நாள் சூடு மட்டுமே வேண்டும். காப்பாற்றுவதற்கு இதைவிட எளிதான முட்டை இல்லை.

முட்டைக்குள் என்ன நடக்கிறது?

சேவலோடு சேர்ந்த பெட்டை இட்ட முட்டையில் மட்டுமே கரு இருக்கும். கடையில் வாங்கும் முட்டையைச் சேவல் இல்லாத பண்ணைக் கோழிகள் இடுகின்றன. அதை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் குஞ்சு வராது.

புதிதாக இட்ட முட்டையில் கரு தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு சுமார் 21 பாகைக்குக் கீழே இருக்கும்வரை அது வளராது, சாகவும் செய்யாது. அதனால்தான் கோழி ஒரு நாளைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக அடைகாக்க முடிகிறது. நம் மலைக் குளிர் இதற்கு நல்லது. ஆனாலும் ஒரு கிழமைக்கு மேல் வைத்தால் பொரிக்கும் முட்டை குறைந்துகொண்டே போகும்.

கோழி உட்கார்ந்த பிறகு கதை வேறு. இரண்டாம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். நாலைந்து நாளில் இரத்தக் குழாய்கள் சிலந்திவலை போல விரியும். 21 ஆம் நாள் குஞ்சு வெளியே வரும். இப்படி வளர்ந்துகொண்டிருக்கும் கரு குளிர்ந்தால், மறுபடியும் பழையபடி தூங்கப் போக முடியாது. ஆனால் உடனே செத்துவிடுவதும் இல்லை. அடைப்பெட்டிக்கு மின்சாரம் நின்று, 18 மணித்தியாலம் வரை 32 பாகைக்குக் கீழே இருந்த முட்டைகளிலும் குஞ்சு தப்பியிருக்கிறது. வளர்ச்சி தாமதமாகும், சில கருக்கள் சாகும், சில பிழைக்கும். ஆகவே காலையில் கோழி எழுந்து போனதை மாலையில் கண்டாலும் நம்பிக்கை உண்டு. உறைபனி இரவு முழுக்கத் திறந்தவெளியில் கிடந்த முட்டைக்கு நம்பிக்கை மிகக் குறைவு.

குளிரைவிடக் கடும் சூடு கொடியது. கரு இருக்கும் முட்டை 40 பாகையைத் தாண்டி அரை மணித்தியாலம் இருந்தாலே பெரிதாகப் பாதிக்கப்படும். "ஆறிப் போச்சே" என்று பதறி முட்டையை அடுப்பு மேட்டில் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத பல ஆயிரம் துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் கரு மூச்சு விடுகிறது. கழுவினால் அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும். நனைந்திருந்தால் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். வெடித்த முட்டை, நாற்றம் அடிக்கும் முட்டை, கசியும் முட்டை ஆகியவற்றை உடனே ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு இருட்டான காம்பராவில், டோர்ச் லைட்டின் முகத்தில் உள்ளங்கையைக் குவித்து, முட்டையின் பருத்த பக்கத்தை அதில் வைத்துப் பாருங்கள்.

உள்ளே முழுக்கத் தெளிவாக, மஞ்சள் மட்டும் நிழலாகத் தெரிந்தால் அது கரு இல்லாத முட்டை, அல்லது அடைக்கு வைத்து மூன்று நாள் ஆகாத முட்டை.

ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து விரியும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஏறக்குறைய நாலு நாளிலிருந்து பத்து நாள் வரையான முட்டை.

பருத்த பக்கத்தில் காற்று அறை மட்டும் வெளிச்சமாகவும், மற்ற இடம் முழுக்க இருட்டாகவும் இருந்தால், இரண்டு கிழமை தாண்டிய முட்டை. கூர்ந்து பார்த்தால் குஞ்சு அசைவது தெரியலாம்.

நரம்பு எதுவும் இல்லாமல், சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது.

குளிர்ந்த முட்டையில் உயிர் இருந்தும் அசைவு தெரியாமல் போகலாம். அதனால் சந்தேகமான முட்டையை எறியாமல் சூட்டில் வைத்து, நாலைந்து நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

பாட்டிமார் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். கடைசி நாட்களில் உயிருள்ள முட்டை ஆடுவது உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்க் குஞ்சு மூழ்கிச் செத்துவிடும். டோர்ச் லைட் இருக்கும்போது தண்ணீர்ச் சோதனை எதற்கு?

முதல் வழி இன்னொரு கோழிதான்

அடைப்பெட்டியைப் பற்றி எழுதும் நாங்களே இதைச் சொல்கிறோம். பக்கத்துக் காம்பராவில் அடைக்கோழி இருந்தால் பெட்டியைத் தேடாதீர்கள். கோழிக்குக் கரண்ட் பில் இல்லை. சூடும் ஈரமும் எவ்வளவு வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. பொரித்த குஞ்சை வளர்த்தும் கொடுக்கும்.

இரவில், இருட்டில், சத்தமில்லாமல் முட்டையைக் கோழியின் வயிற்றுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். காலையில் அது தன் முட்டை என்றே நினைத்துக்கொள்ளும். மொத்தம் பன்னிரண்டுக்கு மேல் போகவேண்டாம். அந்தக் கோழி உட்கார்ந்து எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்வதும் முக்கியம். உங்கள் முட்டை முதலில் பொரித்தால், அது அந்தக் குஞ்சுகளோடு எழுந்து போய், தன் சொந்த முட்டையை விட்டுவிடும். ஒருவர் நட்டத்தை இன்னொருவர் தலையில் கட்டியதாக ஆகிவிடக் கூடாது. நாள் ஒத்திருக்க வேண்டும், அல்லது கோழி சொந்த முட்டை இல்லாமல் வெறும் கூட்டில் படுத்திருக்க வேண்டும். வரும் குஞ்சில் யாருக்கு எத்தனை என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பெட்டி செய்யவேண்டிய நாலு வேலை

அடைக்கோழி கிடைக்காவிட்டால்தான் இன்கியூபேட்டர். இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணவேண்டாம். எகிப்து நாட்டில் பழங்காலத்திலேயே மண்ணால் கட்டிய சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். அங்கே வெப்பமானி இல்லை. முட்டையைக் கண் இமையில் வைத்துப் பார்த்தே சூட்டை அளந்தார்கள். 1749 ஆம் ஆண்டில் ரெயோமூர் என்ற பிரான்ஸ் நாட்டு அறிஞர் இந்த முறையை ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார். கோழி செய்யும் நாலு வேலையைப் பெட்டி செய்தால் போதும். அவை சூடு, ஈரம், புரட்டுதல், காற்று.

சூடு: உள்ளே விசிறி உள்ள பெட்டியில் 37.5 பாகை செல்சியஸ். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே குளிராகவும் இருக்கும். அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் வெப்பமானியை வைத்து 38 முதல் 39 பாகை வரை இருக்கும்படி பார்க்கவேண்டும். காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானி இதற்கு உதவாது. அது ஏறிய இடத்திலேயே நிற்கும், தானாக இறங்காது. முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க வெறும் பெட்டியை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. விட்டுப்போன முட்டைக்கு அந்த அவகாசம் கிடைக்காது. அதனால் பெட்டி வைத்திருப்பவர்கள் சும்மா இருக்கும் நாளிலேயே அதைச் சோதித்து வையுங்கள்.

ஈரம்: முதல் 18 நாளும் நூற்றுக்கு 50 முதல் 55 வீதம் வரை. கடைசி மூன்று நாள் 65 முதல் 70 வீதம் வரை. "நம்ம ஊர்ல எப்பவும் மூடுபனி, ஈரத்துக்கு என்ன குறைச்சல்?" என்று நீங்கள் கேட்கலாம். விஷயம் அங்கேதான் இருக்கிறது. 15 பாகைக் குளிரில் ஈரம் நிறைந்து நிற்கும் அதே காற்றைப் பெட்டிக்குள் 37.5 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் நூற்றுக்கு 26 வீதம் அளவுக்கு இறங்கிவிடும். மழை நாளில் வெளியே காயாத துணி அடுப்படியில் காய்கிறதே, அதே கதைதான். ஆகவே வெளியே மழை கொட்டினாலும் பெட்டிக்குள் ஒரு தட்டில் தண்ணீர் இருக்கவேண்டும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள்.

புரட்டுதல்: ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு உள்சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். கோழி அலகாலும் காலாலும் அடிக்கடி முட்டையைப் புரட்டும். நாம் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது புரட்டவேண்டும். பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, பகல் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் மலையிலிருந்து வர முடியாதவர்கள் வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியிடம் பொறுப்புக் கொடுங்கள். முட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் அடையாளம், மறுபக்கத்தில் வட்டம் போட்டால் எதைப் புரட்டினோம் என்று குழப்பம் வராது. பேனை மை வேண்டாம். மூன்று, ஐந்து என்று ஒற்றை எண்ணில் புரட்டினால், நீண்ட இரவு நேரத்தில் ஒரே பக்கம் தினமும் மேலே இருக்காது.

காற்று: வளரும் குஞ்சு மூச்சு விடுகிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கரையோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நமக்குப் பழகிவிட்டது, முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு அது பெரிய குறைதான். சூடு வெளியே போகிறதே என்று பெட்டியின் துளைகளைத் துணி வைத்து அடைக்காதீர்கள். கடைசி நாட்களில் இது இன்னும் முக்கியம்.

நாள் கணக்கு வைப்பது சுலபம். திங்கட்கிழமை மாலை வைத்த புது முட்டை மூன்று கிழமை கழித்துத் திங்கட்கிழமை பொரிக்கும். விட்டுப்போன முட்டைக்கு, கோழி உட்கார்ந்த நாளிலிருந்து எண்ணவேண்டும். குளிரில் கிடந்ததால் ஒன்று இரண்டு நாள் பிந்தலாம். கோழியை அடைக்கு வைக்கும் நாளைக் கலண்டரில் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தால், நாளைக்கு ஒரு ஆபத்து வரும்போது அந்தக் குறிப்பு உதவும்.

லயத்தில் நெருப்பு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள்.

ரெஜிபோம் பெட்டி ஒன்று, மின்குமிழ் ஒன்று, இரண்டு வயர் இருந்தால் இன்கியூபேட்டர் தயார் என்று பல பேர் செய்து பார்க்கிறார்கள். குஞ்சும் பொரிக்கிறது. ஆனால் ரெஜிபோம் சீக்கிரம் தீப்பிடிக்கும் பொருள். பிடித்தால் கரும்புகை கக்கி உருகி ஓடும். நமது பழைய லயங்களில் பத்துப் பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு மற்றக் காம்பராவுக்குப் போக நேரம் எடுக்காது. மின்ஒழுக்கால் லயங்கள் எரிந்து, பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகம் முதல் அடையாள அட்டை வரை எல்லாம் சாம்பலான செய்திகளை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! பன்னிரண்டு முட்டைக்காகப் பன்னிரண்டு குடும்பங்களின் கூரையைப் பணயம் வைக்க முடியாது.

ஆகவே நாங்கள் கேட்டுக்கொள்வது இது. சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாத பெட்டியை வீட்டில் செய்யாதீர்கள். வாங்குவதானால் கட்டுப்பாட்டுக் கருவியோடு வரும் சிறிய இன்கியூபேட்டரை வாங்குங்கள். அதைச் சீமெந்துத் தரையில், விறகு, துணி, படங்கு, மண்ணெண்ணெய் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒட்டுப்போட்ட வயர், தளர்ந்த பிளக், ஒரே பிளக்கில் நாலு சாமான் ஆகியவை கூடாது. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். சின்னப் பிள்ளைகளை மட்டும் வீட்டில் விட்டுப் போகும் நாளில் பெட்டியை ஓடவிடாதீர்கள்.

செலவையும் எண்ணிப் பாருங்கள். 40 வோட் சூடாக்கி 21 நாளும் இடைவிடாமல் எரிந்தால் 20 யூனிட் மின்சாரம் ஆகும். பாதி நேரம் மட்டும் எரிந்தால் 10 யூனிட். யூனிட் ஏற ஏறக் கட்டணப் படியும் ஏறும். இரண்டு முட்டைக்காக இந்தச் செலவு கட்டுப்படியாகாது. பத்து முட்டை என்றால், அல்லது இன்னும் மூன்று நாளே மிச்சம் உள்ள முட்டை என்றால் கட்டுப்படியாகும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி தேவையே இல்லை. டிவிஷனுக்கு ஒன்றை மாதர் சங்கம் சேர்ந்து வாங்கி, ஆள் இருக்கும் பாதுகாப்பான ஒரு இடத்தில் வைத்து, முறை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கரண்ட் போனால்

2022 ஆம் ஆண்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மலைப் பக்கத்தில் காற்றும் மழையும் அடித்தால் இப்போதும் கரண்ட் போகத்தான் செய்கிறது. பயப்பட வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் மேலே கம்பளியோ சாக்கோ போட்டு மூடுங்கள். காற்றுத் துளை மட்டும் திறந்திருக்கட்டும். நேரம் நீண்டால் போத்தலில் வெந்நீர் நிரப்பி, துணியில் சுற்றி, முட்டையில் படாமல் பெட்டிக்குள் வையுங்கள். மெழுகுதிரியோ விளக்கோ பெட்டிக்குள் வைக்கவே கூடாது. கரண்ட் வந்ததும் வழக்கம்போல ஓடவிட்டு, நாலைந்து நாள் கழித்து டோர்ச் லைட்டில் பாருங்கள்.

கோழி இல்லை, பெட்டியும் இல்லை, முட்டைக்குள் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது என்றாலும் இதே வெந்நீர்ப் போத்தல் முறை ஒரு இரவுக்குக் கைகொடுக்கும். அட்டைப்பெட்டியில் துணி விரித்து, போத்தல் ஆற ஆற மாற்றவேண்டும். ஒருவர் முழித்திருக்க வேண்டியதுதான்.

கடைசி மூன்று நாள்

18 ஆம் நாளிலிருந்து புரட்டுவதை நிறுத்துங்கள். குஞ்சு வெளியே வரும் நிலைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கூட்டி, மூடியை மூடிவிடுங்கள். அடிக்கடி திறந்தால் ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துவிடும்.

முதலில் ஓட்டில் சின்னதாக ஒரு வெடிப்பு வரும். அதன்பிறகு பல மணித்தியாலம் ஒன்றும் நடக்காது. "பாவம், மாட்டிக்கிச்சு போல" என்று ஓட்டை உரிக்கக் கை துறுதுறுக்கும். உரிக்காதீர்கள். அந்த நேரத்தில்தான் குஞ்சு மூச்சு விடப் பழகுகிறது. மிச்ச மஞ்சள் கருவையும் சவ்விலுள்ள இரத்தத்தையும் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் போய்ச் செத்துவிடும். வெடிப்பிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணித்தியாலம் ஆவது சாதாரணம்.

குஞ்சு வந்த பிறகு

இறகு காய்ந்து பஞ்சு போல ஆகும்வரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்கு அதற்குப் போதுமான உணவு. பிறகு பெரிய அட்டைப்பெட்டியில் முதல் கிழமை 35 பாகை சூடு கொடுத்து, கிழமைக்கு 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டு வரவேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். வாயைத் திறந்துகொண்டு மூலைக்கு ஓடினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. அதே வயதுக் குஞ்சோடு திரியும் தாய்க்கோழி இருந்தால், இரவில் அதன் சிறகுக்குள் விட்டுவிடுவது எல்லாவற்றிலும் சுகம்.

தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கவேண்டும். சின்னக் கல் போட்டுவைத்தால் குஞ்சு விழுந்து மூழ்காது. ராணிக்கெட் நோய்த் தடுப்பு மருந்து பற்றி உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

முட்டையும் குஞ்சும் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். குஞ்சு நல்ல சுகமாகத் தெரிந்தாலும் அதன் எச்சத்தில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். அது வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் கொண்டுவரும். பெட்டியைச் சமையல் செய்யும் இடத்தில் வைக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் குஞ்சை முத்தமிட விடாதீர்கள்.

எப்போது கைவிடுவது?

கணக்குப்படி 21 நாள் முடிந்து, மேலும் மூன்று நாள் போயும் வெடிப்போ சத்தமோ இல்லாவிட்டால் நிறுத்திவிடலாம். இடையில் நாற்றம் வந்தால் அந்த முட்டையை மெதுவாக எடுத்து வெளியே கொண்டுபோங்கள். உள்ளே வாயு நிறைந்து வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும். பொரிக்காதவற்றை ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். கோழி அடைகாத்துவிட்டுப் போன முட்டையையோ, பெட்டியில் இருந்த முட்டையையோ குழம்புக்கு எடுக்கக் கூடாது. கோழியின் உடம்புச் சூட்டில் கிருமியும் வளர்ந்திருக்கும். ஒரு வேளைக் கறிக்காகப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வரலாம்.

இன்னொன்று. கவ்வாத்து வெட்டும்போதும் புல் வெட்டும்போதும் தேயிலைத் தூருக்கு அடியில் காட்டுக்கோழிக் கூடு கண்ணில் படலாம். அந்த முட்டையை எடுத்துவராதீர்கள். இலங்கைக் காட்டுக்கோழி நமது தேசியப் பறவை. உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாதது, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அந்த இடத்தை விட்டு விலகிப் போனால் தாய் பெரும்பாலும் திரும்பி வரும். கங்காணியிடம் சொல்லி அந்த நாலைந்து தூரைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

எல்லா முட்டையும் குஞ்சாகும் என்று நாங்கள் சொல்லவில்லை. பன்னிரண்டில் மூன்று தப்பினாலும் அவை கானில் போகவிருந்தவை. மூன்றில் ஒன்று பெட்டையானாலும், ஆறேழு மாதத்தில் அது முட்டை இடத் தொடங்கும். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப்பற்றிக் கதைத்துப் பாருங்கள். டிவிஷனில் யார் வீட்டில் எப்போது அடைக்கோழி இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் போதும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. இன்றிரவு ஒரு வீட்டுக் கோழியைக் கீரி பிடித்தால், எந்தக் கதவைத் தட்டுவது என்று நாளைக் காலைக்கு முன்பே தெரிந்துவிடும்.